சூசை அண்ணைக்கு ஆள் தேடிய கதை

இந்த மாதத் தொடக்கத்தில் எமிலி அக்காவிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். நல்ல செய்தி கொண்டுபோனதற்காக!

எமிலி அக்கா நெடுந்தீவில் எங்கள் பக்கத்து வீடு. கணவர் சூசை அண்ணை கடலிலேயே வளர்ந்தவர். சென்ற வருடம் நடுக்கடலில் அவருடைய வள்ளத்தை மறித்துச் சுட்டார்கள். கூட இருந்த அவருடைய தம்பி இறந்துபோனார். இவர் நீந்திக் கரை சேர்ந்தார்.

அன்றிலிருந்து வள்ளத்தில் கால் வைப்பதில்லை. மோட்டார்ச் சத்தம் கேட்டால் வியர்த்துக் கொட்டும். நித்திரைக் குளிசை கொடுத்தார்கள்; நேர்த்தி வைத்தார்கள். வந்தவர் போனவரெல்லாம், "என்னண்டு நடந்தது?" என்று கேட்டுக் கேட்டே அந்த நாளை முடியவிடாமல் வைத்திருந்தார்கள்.

இதற்கென்று படித்தவர்கள் இருக்கமாட்டார்களா? யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தேன். "ஆருக்கு... விசரோ?" என்று ஒருவர் குரலைத் தாழ்த்தினார். விசரில்லை ஐயா, பயம்! கடைசியில் ஒரு ரீச்சர் அகப்பட்டார். இப்படியான அதிர்ச்சிகளுக்குக் கவுன்சிலிங் செய்யப் படித்தவர்.

துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாழ்ப்பாணத்துக்கு என்னண்டு போறது தம்பி, பறந்தோ? மனுசனை வள்ளத்திலை ஏத்த ஏலுமெண்டா எனக்கு உந்த ரீச்சர் என்னத்துக்கு?"

படித்த மூளைக்கு இது தட்டுப்படவேயில்லை!

தலையைக் குனிந்துகொண்டு ரீச்சரிடம் திரும்பினேன். "அவர் வர ஏலாதெண்டா நான் வாறன்" என்றார்.

சென்ற சனிக்கிழமை வந்தார். வள்ளத்தில் வழி முழுக்கச் சத்தி எடுத்து, வயிற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. இதுவரை கடலில் போகாதவராம்.

என்ன நடந்ததென்று அவர் கேட்கவேயில்லை.

"சொல்ல விருப்பமெண்டா ஒருநாள் சொல்லுங்கோ, அண்ணை. கடலுக்குக் கிட்ட எவ்வளவு தூரம் வருவியள்?"

"உந்தப் பூவரசு மட்டும்."

"அப்ப அதிலை இருப்பம். ஏலாமப் போனா கையைத் தூக்குங்கோ, திரும்பியிடுவம்."

ஒருமுறை கை தூக்கினார். திரும்பினார்கள். பிறகு அவராகவே மறுபடி அங்கே போனார்.

பின்னேரம் வள்ளம் வந்தது. ஏறப்போன ரீச்சர் தூக்கிவைத்த காலைத் திரும்ப எடுத்தார். "ஐயோ, எனக்கு ஏலாது!"

பூவரசடியில் நின்ற சூசை அண்ணை பார்த்துக்கொண்டே இருந்தார்... பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். மோட்டார் உறுமியதும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. விடவில்லை.

"ஆடாது. ஏறுங்கோ, ரீச்சர்."

கரையில் நின்ற எமிலி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு கத்தினார்: "அடுத்த சனிக்கு வரேக்கை தேசிக்காயைக் கீறி மூக்கிலை வைச்சு மணந்துகொண்டு வாங்கோ, சத்தி வராது!"

அண்ணை இன்னும் வள்ளம் ஏறவில்லை. அவசரப்படுகிறவன் நான் ஒருவன்தான்.