ஓம் இன்னும் ஏறலியா?

அவர் டாக்ஸி ஓட்டுபவர். பாட்டுக் கேட்கும்போது உள்ளங்கையைக் கார்க் கதவில் பதித்துக்கொள்வார். தாம்பரத்தில் நான் நடத்தும் கார் ஆடியோ கடைக்கு மறுபடியும் வந்திருந்தார். ஆம்ப்ளிஃபையர் சூடாகி நின்றுவிட்டதாம். பார்த்தால், வேறெங்கோ கொடுத்து இன்னும் இரண்டு ஸ்பீக்கர் சேர்த்திருந்தார். எனக்கு எரிச்சல்.

"அண்ணா, பேரலல்ல ஸ்பீக்கர் சேக்கச் சேக்க ஓம், அதான் கரண்டைத் தடுக்குற அளவு, குறையும். கரண்ட் எகிறும். ஆம்ப் தாங்காது."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் மலர்ந்தது. "கொறையுதா? அதான்பா எனக்குக் கேக்கல! ஓமை ஏத்திக் குடு, புண்ணியமாப் போவும். வண்டியை நம்பித்தான் பொழப்பே கீது."

புது ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையர் தாங்கும் நாலு ஓமுக்கே திரும்ப இணைத்தேன். பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன். எதிர்க்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

டாக்ஸிக்காரர் கதவில் கை வைத்தபடி கெஞ்சலாகப் பார்த்தார். "அதிருது, கேக்கலியே. ஓம் இன்னும் ஏறலியாப்பா?"

பாட்டை நிறுத்தினேன். என் காதைத் தொட்டுக் காட்டி, "டாக்டரைப் பாருங்கண்ணா" என்றேன்.

"அதெல்லாம் இல்லப்பா. ஓம்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

இப்போதும் கடைவாசலில் ஏதாவது பஸ் விடாமல் ஹாரன் அடித்தால், முன்னால் போவது அவர் டாக்ஸியா என்று எட்டிப் பார்க்கிறேன்.