வாந்தி வராத வேன்

ஒரு டிரைவரின் மனைவி அவர் ஓட்டும் வண்டியிலேயே வாந்தி எடுப்பது, ஹோட்டல் நடத்துகிறவர் பக்கத்துக் கடையில் பார்சல் வாங்குவது மாதிரி. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். என் கணவருக்கு மட்டும் அந்தச் சந்தேகம் இருபத்தாறு வருடம் வரவே இல்லை. என் வயிறுதான் சரியில்லை என்பதில் அவர் அவ்வளவு உறுதியாக இருந்தார். அவர் உறுதியாக இருந்ததால் நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

கல்யாணம் ஆகிப் பதினோராவது நாள், யாரிடமோ இரவல் வாங்கிய காரில் கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைப் பார்க்கக் கூட்டிப்போனார். மலைகூட ஏறவில்லை. சமவெளிச் சாலைதான். திரும்பி வந்து இறங்கியதும் வாசலிலேயே எடுத்தேன். மாமியார் ஓடிவந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எம்மருமவ முழுவாம இருக்குறா" என்று அறிவித்துவிட்டார். பதினோரு நாளில் அது எப்படி என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதம் செய்தி பொய்யாகிப்போனதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் ஓட்டக் கற்றுக்கொண்டது கரும்பு லாரியில். வடக்கனந்தல் பக்கத்து வயல்களிலிருந்து ஆலைக்கு வருடக்கணக்கில் லோடு அடித்தவர். இரண்டு வளைவுக்கு நடுவே கொஞ்சம் நேர்ச்சாலை கிடைத்தால் போதும், ஆக்சிலேட்டரை மிதிப்பார். வளைவு வந்ததும், அது சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே வந்துவிட்ட மாதிரி பிரேக்கை மிதிப்பார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலில், முகம் பின்சீட்டுக்காரரோடு பேச்சில். கரும்பு இதற்கெல்லாம் ஒன்றும் சொல்லாது, அதற்கு வயிறு கிடையாது. பிறகு சொந்தமாக வேன் வாங்கி, கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போகிறவர்களை ஏற்ற ஆரம்பித்தார். சரக்கு மாறிவிட்டது என்பதை அவர் கால் மட்டும் கவனிக்கவில்லை.

வேனில் யார் வாந்தி எடுத்தாலும் அவரிடம் காரணம் தயாராக இருக்கும். இட்லி சாப்பிட்டிருந்தால் இட்லி. சாப்பிடாமல் வந்திருந்தால் வெறும் வயிறு. போனைப் பார்த்தால் போன், பார்க்காவிட்டால் பயம். "இந்த காலத்து ஜனங்களுக்கு வவுத்துல தெம்பு கம்மி" என்பார். மலைச்சாலையில் மொத்தம் எத்தனை வளைவு என்று பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எண்ணும் நிலையில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

வைத்தியத்தில் அவர் குறை வைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், நாரத்தங்காய் ஊறுகாய் எல்லாம் முதல் சில வருடங்களிலேயே தோற்றுப்போயின. அப்புறம் வயிற்றின் மேல் செய்தித்தாளை வைத்துப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அதுவும் அன்றைய பேப்பராக இருக்க வேண்டும், நேற்றைய பேப்பர் வேலை செய்யாது. நாட்டு நடப்பு முழுவதையும் வயிற்றில் கட்டிக்கொண்டு போனேன், அதற்கும் சேர்த்துத்தான் குமட்டியது. அடுத்து யாரோ சொன்னார்கள் என்று வேனுக்கு அடியில் தரையில் உரசுகிற மாதிரி ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டார். வண்டி தெருவுக்குள் நுழைந்தால் யானை வருகிறதென்று குழந்தைகள் ஓடிவந்து பார்த்தன.

போன வருடம்தான் எண்ணெய்கள் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தன. சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், எசென்ஷியல் ஆயில் பற்றி வகுப்பு எடுத்தார். பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் உட்காராத என் கணவர் அன்று முதல் வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பத்து வார்த்தைக்கு ஒரு முறை "இயற்கை" என்றார். அவர் சொன்ன தோரணையில், என் வாந்தி மட்டும் ஏதோ ஃபேக்டரியில் தயாரானது போல எனக்கே கூச்சமாகிவிட்டது.

"வாந்தி வவுத்துல இல்லியாம், மூக்குலதான் கீதாம்" என்று வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் எனக்கு விளக்கினார். "இத்தினி வருசமா நாம தப்பான எடத்துல வைத்தியம் பாத்துக்கினு இருந்துக்கிறோம்."

விரல் உயரத்துக்கு நாலு பழுப்பு நிற பாட்டில்கள். புதினா, இஞ்சி, எலுமிச்சை, லாவண்டர். மணிக்கட்டில் ஒரு சொட்டு, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு, கைக்குட்டையில் இரண்டு என்று மேடம் சொல்லியிருந்தார். தேங்காய் எண்ணெயில் கலந்துதான் தோலில் தடவ வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். கலந்தால் வீரியம் போய்விடும் என்று இவராக முடிவு செய்து, முதல் நாளே புதினா எண்ணெயை அப்படியே என் நெற்றியில் பூசிவிட்டார். நாலாவது வளைவில் வியர்வையோடு அது கண்ணில் இறங்கியது. மலை மேலிருக்கும் வெள்ளிமலை ஊர் வரை கண்ணைத் திறக்க முடியாமல் அலறிக்கொண்டே போனேன். அந்த எரிச்சலில் வாந்தியை மறந்துவிட்டேன். இறங்கியதும் அவர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டார்: "கள்ளக்குறிச்சி டு வெள்ளிமலை. நோ வாமிட்." அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் பிள்ளை பிறந்த அன்றுதான் அதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது, அதில் எனக்கும் பங்கு உண்டு. அந்த முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதைவிட விழுங்குவது சுலபமாக இருந்தது. எண்ணெயின் பலனைக் காட்ட அவர் என்னைக் கூட்டிப்போகும்போதெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, வெள்ளிமலை வரை தாக்குப்பிடிப்பேன். இறங்கியதும் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பலா மரத்துக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வாய் கொப்பளித்து, சிரித்த முகத்தோடு திரும்பி வருவேன். இதற்குள் வீட்டில் புதினாத் துவையல் அரைத்தாலே குடலைப் புரட்ட ஆரம்பித்திருந்தது. அந்த வாசனை வந்தால் அடுத்து வளைவு வரும் என்று என் வயிறு கற்றுக்கொண்டுவிட்டது. வேனின் பின்கண்ணாடியில் அவர் பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார்: "வாந்தி வராத வேன்." அதற்கு ஆதாரம் நான்தான்.

அப்புறம் ஒரு நாள் நான் தனியாக மலைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் மிஷின் வைத்துத் தைக்கிறவள் நான். மலைக் கிராமத்தில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து, பட்டுப் பாவாடையை நானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். கணவர் அன்று திருநாவலூர் கோயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பாட்டில்கள் நாலும் வேனிலேயே போய்விட்டன. வேறு வழியில்லாமல் அரசு பஸ்ஸில் ஏறினேன். முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து, கண்டக்டரிடம் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டுவைத்தேன்.

அணை போனது. முதல் வளைவு போனது. இரண்டு, மூன்று, நாலு. கவரைப் பிடித்தபடி காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. டிரைவரின் காலைப் பார்த்தேன். மிஷின் மிதிக்கிறவளுக்குக் காலைப் பார்த்தால் தெரியும். வெடுக்கென்று வைத்தால் நூல் அறுந்துவிடும். அந்த மனிதர் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, காலை வைப்பதே தெரியாமல் வைத்தார். பாதி மலையில் பக்கத்து சீட்டுப் பெண் நீட்டிய வேர்க்கடலையை வாங்கித் தின்றேன். அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கல்வராயன் மலையைப் பார்த்தேன். அதுவரை என் மடியைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

வெள்ளிமலையில் காலிக் கவரோடு இறங்கி நின்றபோது முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து அழுகை வந்தது. இருபத்தாறு வருடம் என் உடம்பைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று ஆத்திரமாக இருந்தது. ஒருவேளை தற்செயலோ என்று பார்த்தால், திரும்பும் பஸ்ஸிலும் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். ஓட்டத் தெரியும் என்பது ஒன்றுதான் அவருக்கு இருக்கும் சொத்து. அதை எடுத்துவிட்டால் மனிதர் என்ன ஆவார் என்று பயமாக இருந்தது. அப்படியே இரண்டு மாதம் போனது.

அந்த நேரத்தில்தான் டீச்சர்கள் வந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் மலைப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற ஏழு பெண்கள். மாத வாடகைக்கு வேன் வேண்டும், ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம் என்றார்கள். ஒரு நாள் போய்ப் பார்ப்பது, சரிப்பட்டால் தொடர்வது என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக்காரர்களுக்காகக் காத்துக்கிடந்த என் கணவருக்கு இது பெரிய விஷயம். "நீயும் வா" என்றார். "உன்ன பாத்தாதான் அவங்களுக்கு நம்பிக்க வரும்."

விடிந்ததும் ஏழு பேருக்கும் மணிக்கட்டில் எண்ணெய் போட்டுவிட்டேன். கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி கையை நீட்டினார்கள். மலை ஏற ஆரம்பித்ததும் அவர் உற்சாகத்தில் வழக்கத்தைவிட வேகமாக மிதித்தார். மூன்றாவது வளைவில் கணக்கு டீச்சர் ஜன்னலைத் திறந்தார். ஐந்தாவதில் இரண்டு பேர். எல்லோர் மேலும் புதினா மணக்க மணக்க, ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, எல்லோரும் இறங்கி வாய் கொப்பளித்தார்கள். அவர்களில் ஒருவரான தலைமை ஆசிரியை என்னிடம் வந்து, "அக்கா, உங்களுக்கு மட்டும் எப்டி நிக்குது? உண்மைய சொல்லுங்க" என்றார். நான் வேனின் மறுபக்கம் போனேன். அங்கே என் கணவர் பாட்டில்களைக் குடைந்துகொண்டிருந்தார்.

"இஞ்சி எண்ணெய எடு. இன்னும் ரெண்டு சொட்டு ஜாஸ்தி உடு."

"எண்ணெ வேணாங்க."

"அப்ப இன்னா பண்ண சொல்ற?"

"பிரேக்க மெதுவா போடுங்க." ஆரம்பித்துவிட்டதால் முடித்தேன். "நீங்க ஓட்றதாலதான் எல்லாருக்கும் வாந்தி வருது. எனக்கும் அதான். எண்ணெய்ல எனக்கு ஒண்ணும் நிக்கல, முழுங்கிக்கினு இருந்தேன். நீங்க திருநாவலூர் போன அன்னிக்கி பஸ்சுல வந்தேன். வரல."

கையிலிருந்த பாட்டிலை மூடிவிட்டுத் திரும்பினார்.

"கவர்மெண்டு பஸ்சுலயா?"

"போறப்பவும் வர்றப்பவும்."

இருபத்தாறு வருடத்தைவிட அந்த அரசு பஸ்தான் அவரை அதிகமாகச் சுட்டது என்று நினைக்கிறேன். ஏறி உட்கார்ந்தார். மீதி மலையை, தளும்பத் தளும்ப எண்ணெய் ஊற்றிய அகலை ஏந்திப் போகிறவர் மாதிரி ஓட்டினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கிய தலைமை ஆசிரியை மணிக்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "புடிக்கிறதுக்கு டைம் எடுக்குது, ஆனா நல்ல எண்ணெதான் அண்ணா. நாளைலேர்ந்து வந்துடுங்க. எனக்கும் ஒரு பாட்டில் வாங்கியாங்க" என்றார். இவர், "சரிங்க டீச்சர்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

இறங்கும்போது வேனில் நாங்கள் இருவர் மட்டும். கொஞ்ச தூரம் போனதும் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"ஏன் சொல்லல?"

"ஒடஞ்சி பூடுவீங்கன்னு."

அவர் யோசனை எங்கோ போய்விட்டது, காலும் அதோடு போய்விட்டது. ஒரு இறக்கத்தில் பழைய மாதிரியே அழுத்தி, பழைய மாதிரியே பிரேக்கைக் குத்தினார். குடல் தொண்டைக்கு ஏறியது. உதடு தானாக இறுகியது, கை தானாகப் பைக்குள் கைக்குட்டையைத் தேடியது. இன்னும் கொஞ்ச தூரம்தான், தாங்கிக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன அந்த நொடியே எனக்கு என் மேல் கோபம் வந்தது.

"நிறுத்துங்க" என்றேன்.

இதற்கு முன்னால் ஒரு நாளும் அதை நான் சொன்னதில்லை. வண்டி நின்றது. இறங்கிப் போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். காற்று வந்தது. மேலே ஏறி வந்தது மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"போலாமா?" என்று கேட்டார்.

"இருங்க" என்றேன்.

இருந்தார்.