எந்த டப்பா ஆயில்?

கிளட்ச் ரிப்பேர் என்பது பாதி ஸ்பானர் வேலை, பாதி வண்டிக்காரர் வாயிலிருந்து உண்மையைக் கறக்கிற வேலை. பழைய கார் வைத்துக்கொண்டு அல்லாடுகிற உங்களுக்கும், அதோடு மாரடிக்கிற என் போன்ற மெக்கானிக்குகளுக்கும் இது நன்றாகவே தெரியும். கிருமாம்பாக்கத்தில் என் ஷெட்டில், ஒரு பந்த் நாளில் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

டிராக்டர் மிச்சம்

அன்று பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. பாகூர் கலியபெருமாள் தன் பழைய டீசல் காரை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கரும்பு விவசாயி. பின் சீட்டில் அவர் மனைவி சரோஜா. கிட்னி போய், பாண்டி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவர். போன முறை இதே வண்டி மக்கர் பண்ணியதில் டயாலிசிஸ் தவறிவிட்டது. கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. எது முந்துதோ அதுல போறோம்" என்றார் கலியபெருமாள்.

கிளட்ச் அமுக்கினால் தரையோடு ஒட்டிக்கொண்டது. ஆயில் டப்பியைத் திறந்தேன். கிளட்சுக்குப் பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். உள்ளே வேறு ஏதோ கொழகொழவென்று இருந்தது. "ஊத்துன டப்பாவக் காட்டுங்க" என்றேன். டிக்கியிலிருந்து எடுத்தார். இஞ்சின் ஆயில். அது பட்டால் உள்ளே ரப்பரெல்லாம் ஊதிப்போகும். பிரேக்கிலும் ஊற்றியிருந்தால்? உடனே பிரேக் டப்பியையும் திறந்து பார்த்தேன். நல்லவேளை, அதில் கை வைக்கவில்லை.

கலியபெருமாள் பாவமாக நின்றார். "ஒழுகிக்கினே இருந்துச்சு. டிராக்டருக்கு ஊத்துனது மிச்சம் கெடந்துச்சு. ஆயில்னா ஆயில்தானேப்பா, டப்பாதானே வேற?"

பின்பக்கம்

கிளட்சுக்கு மேலே ஒரு சிலிண்டர், கீழே ஒரு சிலிண்டர், நடுவில் ஓஸ் குழாய். மூன்றும் மாற்றியாக வேண்டும். பாகூருக்குப் பைக்கில் போனால், ஸ்பேர் கடை பூட்டிக் கிடந்தது. கொடி கட்டிய பந்த் ஆட்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கழற்றிய சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த ஆட்களில் ஒருவர் எழுந்து வந்தார். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். டயாலிசிஸ் என்று சொன்னதும் என் தோளைப் பிடித்துச் சந்துக்குள் கூட்டிப்போய், கடைக்குப் பின்னாலிருந்த கடைக்காரர் வீட்டுக் கதவை அவரே தட்டினார்.

"ஷட்டருக்குத்தான் பந்த். கொல்லக் கதவுக்கு இல்ல. சீக்கிரம் வாங்கிக்கினு கெளம்பு."

அமுக்கு, புடி, வுடு

பாகம் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் கிளட்சை அமுக்கிப் பிடிக்க, வண்டிக்கு அடியில் இருக்கிறவர் காற்று போகிற நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும்.

நான் அடியில் படுத்து, "அமுக்கு, புடி" என்றேன். திறந்தேன். பின் சீட்டில் சரோஜா இருமினார். கலியபெருமாள் பதறித் திரும்பினார், கால் வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. மறுபடி இருமல், மறுபடி கால். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவரைத் திட்டி என்ன செய்ய? அந்த அம்மாவின் மூச்சு எனக்கே அடியில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆம்புலன்சையும் காணோம்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜாவே திக்கித் திக்கிச் சொன்னார்: "அவுரு சொன்னா வுடு. நான் இருமுனா வுடாத."

போன்

அதற்கப்புறம் கலியபெருமாள் கால் நகரவில்லை, கியர் விழுந்தது. ஆம்புலன்சுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வழியில் ஓஸ் பிடுங்கிக்கொண்டால் யார் தள்ளுவது? மத்தியானம் கலியபெருமாள் நம்பரிலிருந்து போன். எடுக்கவே பயமாக இருந்தது.

"மெஷின்ல போட்டுட்டாங்கப்பா. மூச்சு சரியாயிடுச்சு. நர்சம்மா ஊசி எடுத்துக்கினு வந்தாங்க, இவ இன்னா கேட்டா தெரியுமா? 'டப்பாவக் காட்டும்மா'ங்கிறா."

அன்றிலிருந்து என் ஷெட்டில் ஆயில் என்று வாயெடுக்கிறவர்கள், டப்பாவோடுதான் வாயெடுக்க வேண்டும்.