பயம் இல்லை என்று எழுதுங்கள்!

முந்தாநாள் ஒரு ஆபீஸர் என்மேல் எரிந்து விழுந்தார். விழட்டுமே. எனக்கு அவரைவிடக் கோபம்!

விஷயம் இதுதான். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை கம்பவுண்டரை அனுப்புவதா, வேண்டாமா? முடிவு செய்ய வேண்டியவர் இந்த ஆபீஸர். மலையாளி; மனோதத்துவம் படித்த மனிதர். "வியாதியைக் கண்டு பயந்தால்தானே ஜனங்கள் மருந்து குடிப்பார்கள்? முதலில் பயத்தை அளப்போம்" என்று சீமையிலிருந்து ஒரு கேள்வித்தாளை வரவழைத்தார். எல்லாக் கேள்விக்கும் ஆம், இல்லை — இரண்டே பதில். தோட்டத்தில் இருப்பவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள். ஆகவே தமிழாக்கம் என் தலையில் விழுந்தது. பத்திரிகையில் கிறுக்குகிறவன் ஆயிற்றே!

அட்சரம் பிசகாமல் பெயர்த்தேன். எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்... வெட்கக்கேடு.

போன வாரம் மலையேறினேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நின்று முதல் கேள்வியைப் படித்தேன்.

"உங்கள் குழந்தைக்கு வாந்திபேதி வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களா?"

இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற செல்லத்தாய் என்னை முறைத்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஒங்க வாயில வேற வார்த்தையே வரலையாய்யா? எம் புள்ளைக்கு ஒண்ணும் வராது. இல்லைன்னு எழுதுங்க!"

சொல்லிவிட்டுக் குழந்தைக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள்.

எந்தத் தாய் இதற்கு 'ஆம்' என்பாள்? கெட்டதை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். என் வீட்டிலேயே காய்ச்சல் என்ற சொல் வாயில் வராது. 'உடம்பு லேசாகச் சுடுகிறது' — அவ்வளவுதான். இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தக் கேள்வியை எழுதினேன்! லயம் முழுக்க 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

தாளை மடித்து வைத்துவிட்டு, செல்லத்தாயிடம் வேறு மாதிரி கேட்டேன்.

"இந்தப் பக்கம் யாருக்காவது பேதி கண்டால் என்னம்மா செய்வீங்க?"

மடை திறந்த மாதிரி பேசினாள். தண்ணீரைக் காய்ச்சுவது, பிள்ளைகளை வெளியே விடாமல் வைப்பது, முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு அடிவாரம் வரை நடப்பது... "போன மழைக்கு மூத்தவளத் தூக்கிட்டு எறங்குனேன்யா. பாதி வழியிலயே..."

இடுப்பிலிருந்த குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

அத்தனையையும் எழுதி முந்தாநாள் ஆபீஸரிடம் நீட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை மனிதர்!

"கேள்வியை மாத்தினா ஒண்ணும் செல்லாது கேட்டோ, சாமி. எல்லாரும் 'இல்லை'ன்னு சொல்லியாச்சு. பயமில்லாதவங்களுக்கு எதுக்குக் கம்பவுண்டர்?"

எப்படி இருக்கிறது நியாயம்? பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பயமில்லையாம்! என் பொறுமை போயிற்று. அதே தாளை எடுத்தேன். அதே முதல் கேள்வி. ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

"சார், உங்கள் குழந்தைக்கு வாந்திபேதி வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களா?"

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்தது.

"ச்சே! கரிநாக்கு வளைக்கல்லே, சாமீ! அபசகுனமாப் பேசாதே! என் பிள்ளைக்கு ஒண்ணும் வராது!"

'இல்லை' என்று எழுதிக்கொண்டேன். இனி அவர் வீட்டுக்கும் டாக்டர் வேண்டாமே!