வேலிக்கு அந்தப் பக்கத்துத் தட்டு

ஹார்மன் லெட்ஃபர்ட் எண்பத்தைந்து வயது வரை இருந்தார். வட கரோலினா மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டார், மூன்று கோவேறு கழுதைகளைப் புதைத்தார், ஒரு மனைவியைப் புதைத்தார். வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுச் சண்டையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. தெற்குக்காகச் சாம்பல் சட்டை போட்டுப் போனவர், தம்பி அயராவோடு வடக்கத்திச் சிறையில் கிடந்தார், தம்பி அங்கேயே செத்தான். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மேலே கேட்டால் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார்.

மே மாதம் பூ வைக்கும் ஞாயிறன்று உறவு மொத்தமும் குடும்பக் கல்லறையில் கூடி, களை பிடுங்கி, பூ வைத்து, அங்கேயே சாப்பிடும். ஹார்மன் மட்டும் வேலிக்கு வெளியே நிற்பார். மகள் டெல்ஃபா வேலிப் பலகை இடுக்கில் தட்டை நீட்டுவாள். பாதி தின்றுவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுப்பார்.

"சித்தப்பன் பலகைகிட்ட வெச்சிரு கண்ணு."

அயராவின் உடல் அங்கே இல்லை, பெயர் எழுதிய பலகைதான். பொரித்த கோழியை நாய்க்கு விட அவளுக்கென்ன பைத்தியமா? மரத்துக்குப் பின்னால் போய் அவளே தின்பாள்.

"வெச்சியா?"

"வெச்சேம்பா."

வளர்ந்து தலை நரைத்த பிறகும் இதே கதைதான்.

1931 ஜனவரியில் அவர் இறந்தார். அரசாங்கம் சும்மா தரும் கல்லறைக் கல்லுக்கு டெல்ஃபா எழுதிப்போட்டாள். ஏப்ரலில் இரண்டு பதிவுகளின் நகலும் ஒரு படிவமும் வந்தன.

முதலாவது: அயரா லெட்ஃபர்ட், கைதி. இறப்பு 1864 நவம்பர் 19. வயிற்றுப்போக்கு. குழி எண் 1702.

இரண்டாவது: ஹார்மன் லெட்ஃபர்ட், அதே சிறை. 1864 அக்டோபர் 6 அன்று வடக்குப் படையில் சேர்ந்தார். சேர்ந்தவர்கள் தனி வேலிக்குள் வைக்கப்பட்டனர், முழு ரேஷன். பிறகு மேற்கே ஒரு கோட்டையில் காவல். படையிலிருந்து நல்லபடியாக விடுவிக்கப்பட்டார்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். தெற்கத்தியானுக்குக் கூர் முனைக் கல், வடக்கத்தியானுக்குக் கேடயம் செதுக்கிய கல். ஒன்றில்தான் குறி போடலாம்.

பெரியப்பா மகன் பிளெட்சோ படித்துவிட்டுத் தாளை மேசையில் வீசினார்.

"நம்ம வம்சத்துல எவனாச்சும் வடக்கத்தியானோட நீலச் சட்ட போட்டிருக்கானா? கூர்க் கல்லுல குறியப் போடு, காயிதத்த அடுப்புல போடு. முடிஞ்சுது சோலி."

"முழு ரேஷன்னு எழுதியிருக்குண்ணே."

"அப்ப சோத்துக்கு வெல போயிட்டாருங்கிறியா உங்கப்பா?"

டெல்ஃபா இரண்டு தாளையும் எடுத்து அருகருகே வைத்தாள். விரல் விட்டு எண்ணினாள். அப்பா படையில் சேர்ந்ததிலிருந்து தம்பி சாகும் வரை நாற்பத்து நான்கு நாள். வேலிக்கு இந்தப் பக்கம் முழு ரொட்டி, அந்தப் பக்கம் தம்பி. பாதியை இடுக்கில் நீட்டியதை எந்த எழுத்தரும் பதியவில்லை. நாற்பத்தைந்தாம் நாள் வாங்க ஆள் வரவில்லை என்பதையும் பதியவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கேடயக் கட்டத்தில் குறி போட்டாள்.

"அந்தக் கல்லு உள்ள வந்தா என் குடும்பம் உள்ள வராது, பாத்துக்க!"

"வெளியில நின்னாலும் சோறு எறங்கும்ணே. எங்கப்பாவுக்கு எறங்குச்சே."

கல் மே மாதம் வந்தது. பூ வைக்கும் ஞாயிறன்று பிளெட்சோ சொன்னபடியே குடும்பத்தோடு வேலிக்கு வெளியே விரிப்பு போட்டு உட்கார்ந்தார். டெல்ஃபா தன் தட்டுடன் அப்பாவின் கல்லருகே உட்கார்ந்து பாதி சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை. பிறகு எழுந்து போய், ஒரு கோழிக் காலையும் பாதிச் சோள ரொட்டியையும் அயராவின் பலகையடியில் வைத்தாள். ஒரு நாய் அப்போதே மோப்பம் பிடித்து வந்துகொண்டிருந்தது. அவள் அதை விரட்டவில்லை.

"வெச்சேம்பா," என்றாள்.