மழை ஒழுகும் குடில்

பக்கத்து வீட்டு யூதக் கிழவர் ஒவ்வொரு ஒக்டோபரும் தன் கூரையில்லாத பல்கனியில் பலகையால் ஒரு குடில் கட்டுவார். அது அவர்களுடைய பண்டிகை. கடவுளை நம்பி ஒரு வாரம் அதற்குள் இருந்துதான் சாப்பிடவேண்டும். மேலே பரப்பும் பைன் கிளைகளுக்கிடையில் வானம் தெரியவேண்டுமாம். கனடாவில் எங்கள் மொன்றியல் நகரத்து மழை அதற்குள்ளால் நேரே இறங்கும்.

வன்னியில் போர் முடிந்த வருடத்து ஒக்டோபர். என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. “கடவுளை நம்புங்கோ அண்ணை, எல்லாம் சரிவரும்” என்று கோயிலில் ஒருவன் சொன்னான். அவனை அடிக்காமல் வீடு வந்ததே பெரிய காரியம்.

வந்தபோது மழை கொட்டியது. கிழவர் சூப்புக் கிண்ணத்தோடு குடிலைவிட்டு எழும்பினார். என் பல்கனியிலிருந்து ஆங்கிலத்தில் கத்தினேன்.

“உங்கள் நம்பிக்கை ஒரு மழைக்கே தாங்காதா?”

“கத்தாதேங்கோ, அந்த மனுசன் உங்களுக்கு என்ன செய்தது?” என்று மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் நனைந்த தாடியோடு நின்றார். “சூப்பில் மழை விழுந்தால் உள்ளே போகலாம், அது எங்கள் சட்டம். மழை பெய்யாது என்றா நம்புகிறேன்? என் வீட்டாரை நாஜி முகாமில் எரித்தார்கள். அன்றிலிருந்து கடவுளோடு எனக்குச் சண்டைதான்.”

“பிறகு எதற்குக் குடில்?”

“அவர் இருக்கிறார் என்று நம்பாவிட்டால் யாரோடு சண்டை பிடிப்பது?”

உள்ளே போனவர் மழை விட்டதும் குடிலுக்குத் திரும்பி வந்து, கதிரையைக் கோட்டுக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பதில் இன்றும் எனக்கு எரிச்சல்தான். கோயிலுக்குப் போவதை அந்த வருடமே விட்டுவிட்டேன். மேலே பார்த்துத் திட்டுவதை மட்டும் விடமுடியவில்லை.