இல்லாத பிரேக்

அந்த வியாழக்கிழமை காலை கிடங்கிலிருந்து லாரி கிளம்பும் முன், சித்தி வழக்கம்போல் மூன்று இடங்களைத் தொட்டுப் பார்த்தாள்: லைசன்ஸ் இருக்கும் சட்டைப்பை, தன் பக்கமாக ஒட்டவைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி, கைபிரேக். பிறகு செல்போனை அணைத்து இருக்கைக்குப் பின்னால் போட்டாள். ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அப்பா. லாரியின் முன்னும் பின்னும் சிவப்பில் எல் போர்டு.

"போலாமா அத்தான்? இன்னும் சாவியே போடல, அதுக்குள்ள இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"உனக்கென்னம்மா, சும்மா உட்கார்ந்து வர்றவதானே."

"ஆமா, சும்மாதான். இறங்கினதும் என் முட்டியைக் கேளுங்க, சொல்லும்."

சித்தி என் அம்மாவின் தங்கை. லைசன்ஸ் எடுக்கும் வயது வந்த நாளிலிருந்து லாரிதான் அவள் பிழைப்பு. அப்பாவோ சின்ன வேன் ஓட்டியே தலை நரைத்தவர். அவருடைய கம்பெனி வேன்களை எல்லாம் விற்றுவிட்டு லாரிக்கு மாறுகிறது. மாதக் கடைசிக்குள் கனரக லைசன்ஸ் வாங்காதவர்களுக்கு வேலை இல்லை. ஆகவே மச்சினிச்சி வாத்தியார், அத்தான் மாணவர். அம்மாவுக்கு இதில் ஒளித்துவைக்க முடியாத சந்தோஷம். "நான் சொல்லி ஒரு தடவையாவது கேட்டிருக்காரா? இப்ப என் தங்கச்சி சொல்லட்டும், கேட்கட்டும்."

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்த எனக்கு, ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்காரத் தெரியாது. நானும் ஏறிக்கொள்கிறேன் என்றேன்.

"கத்துக்கிற வண்டியில ரெண்டு பேர்தான்டி. ஓட்டுறது ஒருத்தர், திட்டு வாங்குறது ஒருத்தர். நீ எந்தக் கணக்கு?"

ஆகவே அவளுடைய ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன்.

பக்கத்தில் உட்கார்வதைச் சித்தி ஒரு விரதம்போல் கடைப்பிடிப்பாள். அந்த நாட்களில் மதியம் வயிறு நிறையச் சாப்பிட மாட்டாள். அந்த வாரம் அவளுக்குக் கடும் சளி. அம்மா இருமல் மருந்தை நீட்டினால், "கண்ணு சொருகும்க்கா. ஓட்டுறது உன் வீட்டுக்காரர், இடிச்சா மாட்டுறது நான்" என்று தள்ளிவிட்டு வெந்நீரைக் குடித்தாள். தும்மும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பதாகச் சொல்வாள். அம்மா இதை நம்புவதில்லை. நான் ஒரு தடவை பார்த்தேன். நம்பலாம் போலத்தான் இருந்தது.

வண்டிக்குள் அவள் கத்துவதில்லை. வண்டி ஓடும்போது 'பிரேக்' என்ற சொல்லையே எடுப்பதில்லை. "முன்னாடி சைக்கிள்", "அந்த அம்மா கடக்கப் போறாங்க" என்று, ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போல் சொல்வாள். ஏன் என்று கேட்டேன். "கத்தினா உங்கப்பா என்னைப் பார்ப்பார். நான் என்ன அவ்வளவு அழகா? ரோட்டைப் பார்க்கட்டும்."

ஆனால் அவளுடைய கால் வேறு பேசும். லாரியைக் கழுவ உதவியபோதுதான் கவனித்தேன். அவள் உட்காரும் பக்கத்து ரப்பர் விரிப்பில் ஒரு பாதம் அளவுக்குத் தேய்ந்து குழி விழுந்திருந்தது. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. இதுவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிய எல்லோருக்காகவும் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வந்த குழி அது. கேட்டால், "எலி கடிச்சிருக்கும்" என்றாள்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. பின்னால் ஓடு அடுக்கிய முழுப் பாரம். எனக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு கார் புகுந்து, முட்டுகிற மாதிரி நின்றது. பச்சை விழுந்ததும் ஹாரன். அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. கிளட்சை விட்டதில் எஞ்சின் அணைந்தது. லாரி ஒரு முழம் பின்னால் உருண்டு, காரின் மூக்கில் உரசாமல் நின்றது.

நான் ஸ்கூட்டரை ஓரமாக நகர்த்தி முன்னே போனேன். கார்க்காரர் தலையை நீட்டிக் கத்தினார்: "ஓட்டத் தெரிஞ்சவங்களை உட்கார வைங்கய்யா!"

சித்தி ஜன்னலில் இடுப்புவரை வெளியே வந்தாள். வண்டிக்கு வெளியே கத்தலாம், அதற்குத் தடையில்லை. "தெரிஞ்சவதான் உட்கார்ந்திருக்கேன்! நீங்க என்ன, என் லாரிக்கு முத்தம் குடுக்க வந்தீங்களா? பின்னாடி போங்க!"

கார் பின்வாங்கியது. அதற்குள் அப்பா தன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"என்னால ஆகாதும்மா. வேலை போனாப் போகட்டும். நீயே வந்து ஓட்டு."

சித்தி உள்ளே திரும்பினாள். குரல் மறுபடி செய்தி வாசிப்பவர் குரல். "கதவைச் சாத்துங்க அத்தான், எனக்குச் சளி. நான் எதுக்கு ஓட்டணும்? எனக்குத்தான் லைசன்ஸ் இருக்கே."

பின்னால் ஹாரன்கள் பெருகின. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், நகரவில்லை. "அடிக்கட்டும். அவங்க வீட்டு பேட்டரி. கைபிரேக் போட்டாச்சா? இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. அரைக் கிளட்ச். வண்டி மூக்கைத் தூக்கும், அப்ப கைபிரேக்கை விடுங்க."

இரண்டு சிக்னல் கழிந்தது. மூன்றாவதில் லாரி மூக்கைத் தூக்கி, ஏற்றத்தில் ஏறிப் போனது.

அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "வண்டி உருண்டப்ப நான் எங்கே பிரேக்கை மிதிச்சேன்? பக்கத்துல 'டம்'னு ஒரு சத்தம். அதுக்கு என் காலும் தானா மிதிச்சிருச்சு."

"எலியா இருக்கும்" என்றாள் சித்தி, தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

மாதக் கடைசிக்கு முன்பே அப்பா தேர்வில் தேறினார். வேலை தங்கியது. நான் தங்கவில்லை, அடுத்த மாதமே மறுபடி பையைக் கட்டிவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து, எங்கோ ஒரு பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது சித்தியிடமிருந்து ஒரு படம் வந்தது. அப்பாவின் லாரி, பக்கத்து இருக்கையின் அடியில் சித்தியின் பழைய ரப்பர் விரிப்பு, அந்தக் குழியின்மேல், விரல்கள் வெளியே வழிய, அப்பாவின் பெரிய செருப்புக் கால். கீழே எழுதியிருந்தாள்:

"இன்னிக்கு அத்தான் முதல் தடவையா புது டிரைவர் பக்கத்துல உட்கார்றார். என்னோடதைக் கழட்டிக் குடுத்துட்டேன்."